மேற்கே பார்த்த வால் நட்சத்திரம்

புதுச்சத்திரம்,
5-11-1965

மாமாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. தினமும் ராத்திரி லோடு, தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சாயங்காலம் கிருஷ்ணகிரிப் பக்கம் லாரியை நிறுத்தி மேற்கே வால் நட்சத்திரம் பார்த்ததாகவும், அதைப் பாப்பாவிடம் சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். அவள் மூன்று நாளாகப் பொழுது சாயும்போது மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

அது விடிவதற்கு முன்னால் கிழக்கேதான் வருகிறது, மாமா. வாசல் தெளிக்கச் சாணித் தண்ணீரோடு கதவைத் திறந்தால், சீமாற்றை நிமிர்த்தி வைத்த மாதிரி எதிரிலேயே நிற்கிறது. இந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டோம். பாப்பாவையும் எழுப்பிக் காட்டினேன். "அப்பனுக்கு மட்டும் ஏம்மா மேக்கால வந்துச்சு?" என்று கேட்டாள்.

விடியற்காலையில் உங்கள் பக்கம் மேகம் மறைத்திருக்கும், சாயங்காலம் வேறெதையோ பார்த்துவிட்டு எழுதியிருப்பீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று உங்கள் கம்பெனியில் வண்டி ஓட்டும் அருணகிரி அண்ணன் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"அதுங்களா? நாலு மணிக்குத் தொப்பூர் கணவாயில தெனமும் பாக்கறனுங்க. ராத்திரி வண்டி ஓட்டறவன் கண்ணுக்கு அது தப்பாதுங்க" என்றார். உங்களைப் பற்றிக் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ராத்திரியில் எங்கே தூங்குகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த வீட்டிலும் ஒருத்தி விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பாள். அவளாவது உங்களை எழுப்பிக் காட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா