இரண்டாவது வாளி மட்டும் ஏன் புளித்தது

ஜூலை 12, இரவு.

இரண்டாவது வாளி பீரை இன்று மாலை திறந்தேன். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே புளிப்பு. முதல் வாளி நன்றாக நுரைத்து, கடையில் வாங்கியதுபோல வந்தது. இரண்டுக்கும் அதே மால்ட், அதே ஈஸ்ட், எங்கள் கருவடிக்குப்பத்துக் குழாயில் வரும் அதே தண்ணீர். இரண்டு வாளியையும் கொதிநீரில் கழுவி, கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். தெருவுக்குத் தெரு பீர் விற்கும் ஊரில் எனக்கேன் இந்த வேலை? பிரான்சிலிருந்து வரும் மச்சானிடம், நானே செய்த பீர் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

மனைவி செல்வியிடம் புலம்பினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"மொத வாளிய நான்தாங்க கலக்கி வச்சேன். இட்லி மாவுக்குக் கைய விட்டுக் கலக்குற மாதிரி. அப்பதான பொங்கும்?"

வெறுங்கையை விட்டிருக்கிறாள்! கெட்டுப்போயிருக்க வேண்டியது அந்த வாளிதானே?

"அப்ப ரெண்டாவது?"

"அன்னிக்கு எங்க அண்ணனப் பத்தி நீங்க பேசுன பேச்சுக்கு, நான் அத தொடவே இல்ல."

ஒன்றும் புரியவில்லை. சுத்தமாக இருந்தது புளித்துவிட்டது, கைபட்டது நன்றாக வந்துவிட்டது. நான் படித்ததெல்லாம் நேர்மாறாக அல்லவா சொல்கிறது?

மூன்றாவது வாளிக்கு இப்போதுதான் ஈஸ்ட் போட்டு மூடிவிட்டு வந்தேன். "இதுல கைய விடட்டுமா?" என்று கேட்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறையில் வாளி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போகவில்லை.