மெஷினுக்குள் நீலச் சட்டை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, எனக்குத்தான் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். சித்திக்கு முழங்கால் வலி தேவலையாம், கீழ்வீட்டு டீச்சர் மறுபடியும் படியெல்லாம் செருப்பைப் பரப்பி வைக்கிறாள், அதெல்லாம் கிடக்கட்டும்.

நீ வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் விஷயம்தான். மூன்று மாதமாக உன் அப்பா தன் துணியைத் தானே துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, மடித்தும் கொண்டுவருகிறார். ஒரு கர்ச்சீப் அலசத் தெரியாத மனுஷன், என் இடுப்பு வலிக்காகச் செய்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். எப்போதும் ஆயிரத்து இருநூறு சுற்றில்தான் பிழிவார், சட்டை கசங்குமே என்றால் சீக்கிரம் காயணும்ல என்பார். இன்று காலை பாதியில் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவை இழு இழு என்று இழுத்தார். திறக்கவில்லை. மணியைப் பார்த்தவர், மெஷின் ரிப்பேர், நான் வந்து பார்த்துக்கிறேன், நீ கிட்டயே போகாதே என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்கு ஓடினார். எனக்கா கை சும்மா இருக்கும்? படுக்கை விரிப்பெல்லாம் குவிந்து கிடக்கிறது. தண்ணீர் கதவு மட்டத்துக்கு மேலே நின்றால், நிறுத்தினாலும் பூட்டு விடாது, முதலில் தண்ணீரை வடியவிடு என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பொத்தானை அமுக்கினேன், கடகடவென்று வடிந்து, இரண்டு நிமிஷத்தில் டக்கென்று திறந்துகொண்டது. உள்ளே நீலச் சட்டை, நீல பேண்ட், தோளில் பட்டி. பையில் அப்பா போட்டோ ஒட்டிய அட்டை, ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி என்று இருக்கிறது. அதை எடுக்கத்தான் அந்த இழு இழுத்திருக்கிறார், போட்டுக்கொள்ள இன்னொரு ஜோடி அங்கேயே வைத்திருப்பார்போல. அச்சகத்துக்கு போன் பண்ணினேன், சார் நின்னு மூணு மாசம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா என்கிறாள் அங்கே போன் எடுத்த பெண். இருபத்தாறு வருஷம் பிழை திருத்திய மனுஷன்டி. தினமும் என் கையால் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் யார் வீட்டு கேட்டிலோ நின்றிருக்கிறார். அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. தெரிந்ததாகக் காட்டினால் கூனிக்குறுகிப் போவார், காட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு மூடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன், மனசு வரவில்லை. நன்றாக அலசி, கசங்காமல் இருக்க நானூறு சுற்றில் பிழிந்து, சொட்டச் சொட்ட பால்கனிக் கொடியில் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டுவிட்டேன். போட்டபிறகு பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில் எழுதுவதை விட்டுவிட்டு எழுந்தேன், அப்பா வந்துவிட்டார். நேரே பால்கனியைப் பார்த்தார். கிட்டே போய்ச் சட்டையைத் தடவிப் பார்த்தார். நான் அடுப்படியில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து, கசங்கவே இல்லையே, எத்தனையில வச்சே என்று கேட்டார். நானூறு, இனிமே அதையும் நானே துவைக்கிறேன் என்றேன். சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கால் ரொம்ப வலிக்குது, நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணும்ல என்றார்.

வெந்நீர் கொதிக்கிறது, கால் அமுக்கிவிடப் போகிறேன். நீ போன் பண்ணும்போது எதுவும் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். குழந்தையை நான் கொஞ்சினதாகச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா