மூட முடியாத முகம்

என் அக்கா பெற்ற ஒரே சட்டப் புத்தகமே,

ஜெராக்ஸ் உலகின் முடிசூடா மன்னனும், லேமினேஷன் கலையின் கடைசிச் சக்கரவர்த்தியும், உனக்குத் தாய்மாமனுமாகிய நான், வலது கையைக் கடையின் காப்பி மெஷின் மீது வைத்து உறுதியளிக்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் மேனேஜர் நம்பவே மாட்டார். மெஷினே நம்பாமல் இப்போது ஒரு தாளைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

‘மாமா, கதை வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்’ என்று எழுதியிருந்தாய். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. நலம்தான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது மூச்சு வாங்குவதால் விட்டுவிடுகிறாள். உன் அத்தை என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டில் அப்படியொரு அமைதி. எறும்பு நடக்கிற சத்தம் கேட்கிறது. நேற்று ஒரு எறும்புக்கு இருமல்.

உன் நிலைமையில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. மற்றவர்களுடைய இணையதளங்களில் விளம்பரங்கள் விதிப்படி ஓடுகின்றனவா என்று பார்ப்பது உன் வேலை. அப்படிப்பட்டவளின் சொந்தக் கணக்கையே விளம்பர நெட்வொர்க்காரர்கள் விதிமீறல் என்று சொல்லி நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆபீசில் உன் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு, வந்து போகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான் செய்யலாம். அதைப் பார்த்துவிட்டு உன்னை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு. சரிதானே? அந்தக் கணக்கில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். உன் கெட்ட நேரத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். நீ இந்த வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், என் கடை மூலையில், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, ரத்தம் கொடுப்பவர்களின் இணையதளத்தை என்னிடம் ஒப்படைத்தாய். நானூற்றுச் சொச்சம் பேர். யாருக்கு எந்த வகை ரத்தம், எந்தத் தெரு, என்ன போன் நம்பர். ஒவ்வொருவரையும் நீ நேரில் போய்ப் பார்த்துச் சேர்த்த பட்டியல். சர்வர் வாடகைக்காகப் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன விளம்பரம், அதற்கு உன் பெயரில் ஒரு கணக்கு. வருகிறவர்களை ‘நீங்களும் ரத்தம் தரலாமே’ என்று கேட்க, அடர்சிவப்பில் உள்ளங்கை அளவுக்கு, திரையில் தானாக எழும்பும் ஒரு பெட்டி, அதாவது பாப்-அப். அதன் மூலையில், மூடுவதற்கு ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி. அவ்வளவுதான் உன் சாம்ராஜ்யம். அதற்கு என்னைத் தளபதியாக்கினாய்.

போகும்போது ஒரு தாளில் விதிகளைக் கைப்பட எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினாய். பாப்-அப் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் வர வேண்டும். பக்கம் திறந்த உடனே முகத்தில் வந்து விழக் கூடாது. பக்கத்தை முழுதாக மறைக்கக் கூடாது. மூடும் குறி பளிச்சென்று தெரிய வேண்டும். நெட்வொர்க் கொடுக்கும் விளம்பரம் எந்தக் காரணத்துக்காகவும் பாப்-அப்புக்குள் போகக் கூடாது. கடைசி வரி: ‘மாமா, இது விளையாட்டு இல்லை.’ அந்தத் தாளை நான் அலட்சியப்படுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கே அதை லேமினேட் செய்தேன். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் வரை எல்லாம் சுகம். அப்புறம் போர்டு எழுதுகிற பெயின்டர் ஒரு நாள் அடையாள அட்டையைக் காப்பி எடுக்க வந்தான். வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இவ்வளவு பெரிய சேவை பண்றீங்க, உங்க முகம் ஒரு ஓரத்துலகூட இல்லையே. பார்க்கவே மனசு கேட்கலண்ணே’ என்றான். சேவை செய்தது நீ. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மீசை துடித்துவிட்டது.

மறுநாளே போட்டோ எடுத்தாகிவிட்டது. ஸ்டுடியோவில் எனக்காகப் பதினெட்டு விளக்கு போட்டார்கள், அன்று சூரியன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும், அதற்கும் நம் தளத்திலேயே ஆள் தேடிக்கொள்ளலாம். உன் சிவப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டு என் படத்தைப் போட்டேன். உள்ளங்கை அளவு எனக்குப் போதுமா? திரை முழுக்க விரித்தேன். முப்பது விநாடி கழித்து வரும்படி நீ வைத்திருந்ததைப் பூஜ்யமாக்கினேன், சக்கரவர்த்தியைப் பார்க்க ஜனங்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று. ஒரு தடவை என்பதை ஒவ்வொரு பக்கத்துக்கும் என்று மாற்றினேன். என் வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ‘வெறிச்சுனு இருக்குண்ணே’ என்றான் பெயின்டர். பக்கத்தின் அடியில் இருந்த விளம்பரத்தை எடுத்து அங்கே ஒட்டினேன். மெத்தை விளம்பரம் வந்து உட்கார்ந்தது. நான் மெத்தையின் மேல் நின்று உலகத்துக்கு ஆசி வழங்குவது போல அமைந்துவிட்டது. முதல் நாளே நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். வந்தவர்களை எண்ணும் கணக்குப் பலகையில் அறுபத்திரண்டு பேர் என்று காட்டியது. மெஷின்களுக்கு என் மீது பொறாமை.

பெருக்கல் குறியின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிவப்பில் பளிச்சென்று இருந்த வெள்ளைக் குறி வெள்ளைச் சட்டைக்குள் போய்க் கலந்துவிட்டது. தொட்டால் மூடும். எங்கே தொடுவது என்றுதான் யாருக்கும் தெரியாது.

நெட்வொர்க்காரர்கள் எச்சரிக்கவில்லையா என்று உன் மேனேஜர் கேட்பார். இரண்டு தடவை எச்சரித்தார்கள். நீ என் பொறுப்பில் விட்டுப்போன தளத்தின் மெயிலுக்குத்தான் வந்தது, அதனால் உனக்குத் தெரியாது. முதல் கடிதம் ‘மதிப்புக்குரிய கூட்டாளிக்கு’ என்று தொடங்கியது. இத்தனை வருஷத்தில் என்னை அப்படி அழைத்த கம்பெனி எது? அதற்கு மேல் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, கடை வாசலில் மாட்டினேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் படித்தார்கள். முழுக்கப் படித்த ஒரே ஆள் தபால்காரர். ‘உங்களைத் திட்டி எழுதியிருக்கான் சார்’ என்றார். ‘பெரிய இடத்துல அப்படித்தான் கொஞ்சுவாங்க’ என்றேன். இரண்டாவது கடிதத்தையும் பக்கத்திலேயே மாட்டினேன், ஜோடியாக.

இனி டெய்லர் கதை. எதிர்க்கடை டெய்லரை உனக்கு நன்றாகத் தெரியும். உன் பள்ளிச் சட்டைகளுக்கெல்லாம் ஒரு கையை நீளமாகத் தைத்துவிட்டு ‘வளர்ற பொண்ணுதானே’ என்று சமாளிப்பவன். பதின்மூன்று நாளைக்கு முன்னால் அவன் மனைவிக்கு ஆபரேஷன். காலை பதினொன்றரை மணிக்கு, பாதியில், ரத்தம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுலபத்தில் கிடைக்காத வகை. நம் பட்டியலில் அந்த வகை ஆறு பேர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் போனில் நம் தளத்தைத் திறந்தான். நான் வந்தேன், வெள்ளைச் சட்டையோடு, திரை முழுக்கச் சிரித்துக்கொண்டு. தட்டிப் பார்த்தான். மெத்தை விற்கிற கடைக்குப் போனது. திரும்பி வந்தான். மறுபடியும் நான். எனக்கு போன் செய்தான். என் லைன் பிஸி. ஸ்டுடியோக்காரனிடம் இன்னும் பெரிய போட்டோ கேட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஓடி வந்தான். எப்படி வந்தான் என்கிறாய்! ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற நாலு தெருவையும் ஒரே தாவலில் தாண்டினான். கையில் ஒரு முழ நீளக் கத்தரிக்கோல். என் காப்பி மெஷினைத் துணி வெட்டுவது போல இரண்டாக வெட்டினான். ஏழு தலைமுறையையும் இழுத்து, அகராதியில் இல்லாத வார்த்தைகளால் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான். மூவாயிரம் பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. சுண்டு விரலால் ஒரே தட்டு, பாப்-அப் மறைந்தது. நம்பரைக் கணீரென்று வாசித்தேன். ரத்தம் கொடுக்கிறவர் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். கேட்ட மாத்திரத்தில் புறப்பட்டார், போய்ச் சேர்ந்தார், கொடுத்தார்.

டெய்லரின் மனைவி அன்று மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

அரை மணி முன்னால் ரத்தம் வந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொன்னாராம். இதை வீட்டில் வந்து சொன்னேன். ‘எல்லார்கிட்டயும் டாக்டருங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க’ என்றாள் உன் அத்தை. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அன்றே பாப்-அப்பை எடுத்துவிட்டேன். வாசலில் மாட்டியிருந்த இரண்டு கடிதங்களையும் கழற்றி உள்ளே கொண்டுவந்து முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். எல்லாம் நீ எழுதி ஒட்டிய விதிகளேதான், வரிசை மட்டும் வேறு. பக்கத்தைத் தேடி வந்தவனுக்குப் பக்கம் கிடைக்க வேண்டும் என்பதற்குமேல் அதில் ஒன்றுமே இல்லை. கம்பெனிக்காரன் காசுக்குப் போட்ட சட்டம் என்று நினைத்திருந்தேன்.

புகார் கொடுத்தது யார் என்று கேட்டிருந்தாய். நெட்வொர்க்காரர்கள் பெயர் சொல்லவில்லையாம். முதலில் இந்தக் கடிதத்தில் அடுத்த தெரு ஜெராக்ஸ்காரன் மீது எழுதினேன். கிழித்துவிட்டுப் பெயின்டர் மீது எழுதினேன். அதையும் கிழித்தேன்.

புகார் கொடுத்தது நான்.

மூன்றாம் நாள், கடையை அரைக் கதவு சாத்திவிட்டு, அவர்கள் தளத்தில் விதிமீறலைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறதே, அதை நிரப்பினேன். புகார் செய்பவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். தவறு செய்தவர் பெயர் என்ற இடத்திலும் என் பெயர். படத்தையும் இணைத்தேன். என்னைக் கூப்பிட்டு, இனி ஜென்மத்துக்கும் நீ எதையும் நடத்தக் கூடாது என்று யாராவது ஒரு தீர்ப்பு சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. நாலே நாளில் தீர்ப்பு வந்தது. மேலே உன் பெயர் இருந்தது.

அந்தக் கணக்கு உன் பெயரில் இருப்பதை மறந்தே போனேன். தினம் பத்துத் தடவை திறந்து பார்த்த பக்கம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் உன் பெயர் கண்ணில் படவில்லை. நான் ஒரு தண்டனை கேட்டு விண்ணப்பித்தேன், அதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பி வைத்தேன்.

இதோடு தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதை மட்டும் மேல்முறையீட்டில் சேர், உன் மேனேஜரிடம் காட்டு. எந்தத் தேதியில் எதை மாற்றினேன், எச்சரிக்கைகளை என்ன செய்தேன், உனக்கு ஏன் எதுவும் தெரியாது, புகார் யாருடையது எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு விளக்கைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, ‘இதை யார்டா எழுதிக் குடுத்தது?’ என்று கேட்டாள்.

வேலை போய்விட்டால் இங்கே வந்துவிடு என்று எழுதத்தான் வந்தேன். எழுத மாட்டேன். வராதே. அங்கேயே முட்டி மோதி நின்றுவிடு. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து உன் இடத்தில் போய் உட்கார். நீ நன்றாக இருப்பாய். இருந்தாக வேண்டும். என்னை மன்னிக்க வேண்டாம். பதில் போடவும் அவசரமில்லை. வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று உன் அம்மாவிடம் சொன்னால் போதும், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொள்வேன்.

உன் கால்தூசிக்கு ஒரு பாப்-அப்கூடப் போடத் தகுதியில்லாத,
உன் மாமன்.

இந்தக் கடிதத்தை ஸ்கேன் போட்டு உனக்கு அனுப்பும்முன் ஒன்று. விளக்கு, சூரியன், நாற்பதாயிரம் பேர், கூட்டம், கத்தரிக்கோல், மெஷினை வெட்டியது எல்லாம் நீ வழக்கம்போல் கழித்துவிடு. டெய்லர் என்னைத் திட்டினான் என்பதையும் கழித்துவிடு. அவன் திட்டவே இல்லை. இன்றுவரை திட்டவில்லை. இந்தக் கதையில் நிஜம் என்பது ஒரு சின்னப் பகுதிதான். அவன் வாசலில் நின்று, மூச்சு வாங்க, போனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, ‘அண்ணே, உங்க போட்டோ போகமாட்டேங்குது. கொஞ்சம் மூடிக் குடுக்கறீங்களா?’ என்றான். வாங்கித் தடவித் தடவிப் பார்த்தேன். குறி எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. பதினொரு நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவன் என்னை அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு நின்றான்.