மூன்றில் இரண்டு

2004 அக். 4, திங்கள்
விடியலிலிருந்தே மழை. எங்கள் தோட்டத்து லய வீட்டுக் கூரையில் இன்னொரு ஒழுக்கு, வாளி வைத்தேன். டிக்கோயா பஸ் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடை.

செய்ய வேண்டியவை: எட்டாம் வகுப்பு விடைத்தாள். சோப். பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி. அது வெள்ளிக்குள் பல்கலைக்கழகத்துக்கு ஃபேக்ஸில் போக வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டு ஆய்வு இடம் வேறு யாருக்கோ.

பழையது மடிப்பில் கிழிந்துவிட்டது. அதில் 1977. நான் பிறந்தது 1980. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தப்பாக எழுதினார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இன்றுதான் அப்பா வாய் திறந்தார், சுவரைப் பார்த்தபடி.

"அது ஒன் அக்காவோடதும்மா. எட்டு மாசத்துல போயிட்டா. அவ பேரையே ஒனக்கு வச்சோம். ஒன்னப் பதியல. ஸ்கூல்ல கேட்டாங்க, இருந்ததக் குடுத்துட்டேன்."

பிறகு, "ஆபீஸ்ல சொல்லிறாதம்மா. என்னப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க." இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டினேன்.

அக். 5, செவ்வாய்
மூடுபனி. ஆய்வுக்கு என்னைக் கூப்பிட்ட பேராசிரியரின் கட்டுரை, மூன்றாம் தடவை. வெற்றிடத்தில் மின்புலம் பிடித்துவைத்த அயன்கள், மின்னேறிய அணுக்கள். ஒரே செய்தி மூன்று அயன்களில். நேரே பார்த்தால் செய்தி கெடும். அதனால் பக்கத்ததோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்பது. ஒத்துப்போகாததை எதிர்நிலைக்குத் திருப்பிவிடுவது.

இரண்டு கெட்டிருந்தால்? நல்லதைத் திருப்பிவிடும். பிறகு மூன்றும் ஒற்றுமை, எந்தச் சோதனையிலும் பிடிபடாது. நாமே வேண்டுமென்று மூன்றையும் ஒருசேரத் திருப்பினால் அது தர்க்கப் படலை, அதாவது லாஜிக் கேட், கணக்கில் ஒரு படி. அயன்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் மேரி டீச்சர் கேட்டார்: "அங்க போயி என்னத்தப் படிக்கப் போறீங்க?"
"தப்பத் திருத்துறதுக்கு."
"அதத்தானே இங்கயும் செய்றீங்க." என் கையில் விடைத்தாள் கட்டு. சிரிப்பு வந்தது.

அக். 6, புதன்
அரை நாள் லீவு. பிறப்பு இறப்புப் பதியும் பதிவாளர் கந்தோர். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், நாற்காலி தந்தார். கிழிந்த சான்றிதழ், பள்ளிக்கூடப் பத்திரம், தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த தடுப்பூசி கார்ட். கார்டில் மட்டும் 1980.

"ரெண்டு எழுபத்தேழு எண்டு சொல்லுது, பிள்ளை. ஒண்டுதான் எண்பது. அப்ப அதுதானே பிழை."

சிவப்புப் பேனா. கார்டில் எண்பதை வெட்டி எழுபத்தேழு. கையெழுத்து, முத்திரை. "இனி ஒருத்தரும் உம்மைக் கேள்வி கேக்க மாட்டினம். வெள்ளி வந்து பிரதியை எடும்."

நன்றி வேறு சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவின் கைகள் கண்ணுக்குள். கோழை நான்.

அக். 8, வெள்ளி
மழை. இன்று நாற்காலி இல்லை. பதிவேடு விரித்தபடி இருந்தது.

"இந்தப் பிள்ளை எட்டு மாதத்தில செத்துப்போச்சு எண்டல்லோ கிடக்கு. அப்ப நீர் ஆர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் பிறந்ததுக்கு வேற ஏதும் அத்தாட்சி இருக்கே?"

கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். எண்பது வெட்டுப்பட்டு, மேலே சிவப்பில் எழுபத்தேழு. அவருடைய கையெழுத்து, அழகான கையெழுத்து.

ஹட்டன் கொமியுனிகேஷன் கடையில் பேராசிரியருக்கு மின்னஞ்சல். வர முடியாது. காரணம் எழுத வரவில்லை. சோப் வாங்க மறந்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். "என்னம்மா, சரி பண்ணிட்டாங்களா?"

"சரி பண்ணிட்டாங்கப்பா. மூணும் ஒரே மாதிரி இருக்கு."