இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் முனைவர்

அனுப்புநர்:
அ. ஷமீனா, எம்.ஏ., எம்.ஃபில்.,
(அடுத்து பிஎச்.டி. என்று எழுதலாமா என்பதே இம்மனு)
க/பெ. இஜாஸ் அகமது,
ஜங்ஷன் ரோடு, விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி.

பொருள்: தொலைநிலைக் கல்வியில் பெற்ற முனைவர் பட்டத்தை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டிவிட்டு, நிரந்தரப் பணிக்கு மறுத்தல் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் (பெயர் இணைப்பில்) பொருளியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கணவர் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். மகளையும் மாமியாரையும் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படிக்க வழியில்லை. ஆகவே வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலையில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். முடித்துவிட்டு வந்தால் நிரந்தரம் செய்துவிடலாம் என்றவர் எங்கள் முதல்வர்தான். இந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்டேன். பட்டம் பட்டம்தானே என்றார்.

2. விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் கூலி பற்றியது என் ஆய்வு. கல்லூரி விட்டதும் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். வழிகாட்டியைப் பதிவின்போது நேரில் பார்த்ததோடு சரி. உடன் படிப்பவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஓர் அத்தியாயம் நன்றாக அமைந்த நாளில் அதைச் சொல்ல ஆளில்லாமல், பருப்பு வேகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தனிமையாக இருந்தது, ஐயா. இதையெல்லாம் மனுவில் எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

3. வாய்மொழித் தேர்வு காணொலியில் நடந்தது. நான் பேசத் தொடங்கியதுமே படம் அப்படியே நின்றுவிட்டது. இணைப்பு திரும்ப வந்தபோது, "போதும்மா, வாழ்த்துகள்" என்றார்கள். பட்டம் தபாலில் வந்தது.

4. சென்ற இன்ஸ்பெக்‌ஷனின்போது துறை வாசலில் 'முனைவர் அ. ஷமீனா' என்று பலகை மாட்டினார்கள். பார்வையிட வந்த பல்கலைக்கழகக் குழுவினர் காரேறியதும் அலுவலக உதவியாளர் சாமிதுரை ஸ்டூல் போட்டு அதைக் கழற்றினார். "ஆபீஸ்ல சொன்னாங்க மேடம், கோச்சிக்காதீங்க" என்றார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

5. அடுத்த மாதமே எங்கள் துறையில் நிரந்தரப் பணியிடத்துக்கு நேர்காணல் நடந்தது. தொலைநிலைப் பட்டம் கணக்கில் வராது என்றார் கல்லூரிச் செயலாளர். இன்ஸ்பெக்‌ஷனில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். பிறகு, ஆய்வை நானேதான் செய்தேன் என்பதற்குக் கூட இருந்து பார்த்தவர் சான்றளித்தால் பரிசீலிக்கலாம் என்றார். வழிகாட்டி காலமாகிவிட்டார். கணவரோ கடல் கடந்து இருக்கிறார். வேறு யாரைத் தேடுவேன்? செய்தி கேள்விப்பட்டு, கம்பெனியில் அச்சு வார்க்கும் கமலம் அவர்கள் வேலைக்குப் போகாமல் கல்லூரிக்கே வந்துவிட்டார். "நான் பாத்தனுங்க. எங்க கொட்டாய்ல குந்திதான் எழுதுனாங்க" என்று செயலாளரிடம் சொன்னார். படித்தவர்கள் சான்றுதான் செல்லும் என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எனக்கு நேர்ந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

6. எனவே, அப்பணியிடத்தில் வேறொருவரை நியமிக்கும் முன், என் பட்டம் செல்லுமா செல்லாதா என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். செல்லாது என்றால் அதையே எழுதித் தாருங்கள், தாங்கிக்கொள்வேன். அப்படியானால் இனி எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் அந்தப் பட்டத்தைக் காட்டக் கூடாது என்று கல்லூரிக்கு உத்தரவிட வேண்டும்.

7. தங்கள் முடிவு எதுவானாலும், ஒரு கருணை மட்டும் காட்ட வேண்டும். பொருளியல் தெரிந்த ஒருவரை என் எதிரில் உட்காரச் செய்து, ஆய்வேட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எவ்வளவு கடினமாகவும் கேட்கட்டும். இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, ஐயா.

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
அ. ஷமீனா

இடம்: விருத்தாசலம்
நாள்: 12.08.2024