சிறந்த திரைக்கதைக்கான விருது

பாலாவி
11.01.2014

அன்புள்ள கஜா,

உனக்கும் வீட்டாருக்கும் சுகம் கேட்டு துஆச் செய்தபடி எழுதுகிறேன். இங்கே குறையொன்றும் இல்லை. ஸியாத் உப்பளத்துக்கு லொறி ஓட்டுகிறார். றிஃப்னா சோதனைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். பெத்த பிள்ளை, என்னைப்போலத்தானே இருக்கும்.

செண்பக விருது விழாவுக்கு இன்னும் மூன்று கிழமைதான். யாருக்கு எது கிடைக்கும் என்ற என் பட்டியல் இதோ. வழமைபோலத் தபால் முத்திரைத் திகதிதான் சாட்சி. விழா முடிந்த பிறகு "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்று நீ சொன்னால் செல்லாது.

சிறந்த நடிகர், அந்த மட்டக்களப்புப் பெடியன். நடிகை, மீன்காரியாக வந்தவள்; அவளுக்குக் கொடுக்காவிட்டால் நடுவர்களுக்குக் கண் தெரியாது. பாட்டு, படகுப் பாட்டு. குறும்படம், உன்ர படம். திரைக்கதை, கஜலக்ஷ்மி! படத்தைப் பார்க்காமலே போடுகிறேன். யாழ்ப்பாணம் முழுக்கப் பார்த்த படத்தை எனக்கு மட்டும் அனுப்ப உனக்கு நேரம் வரவில்லை. ஒரு சீடியை உறையில் போட எவ்வளவு நேரமடி?

கஜா, தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எங்களை யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகச் சொன்ன அன்று உன் வீட்டுக் கேற்றடியில் நடந்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். கட்டின புருசன் ஸியாதுக்குக்கூட நான் சொன்னதில்லை. போன வருசம்தான் அதை இருபது பக்கத்தில் உனக்கு எழுதினேன். படமாக எழுதட்டுமா என்று கேட்டாய், எழுது என்றேன். நடந்தபடி எழுது என்று மட்டும்தான் கேட்டேன். எழுதியிருப்பாய்தானே?

உன் சிநேகிதி,
நஃபீஸா

யாழ்ப்பாணம்
22.01.2014

என் நஃபீ,

கோபிக்காதே. சீடி அனுப்ப உறையில் உன் விலாசம்கூட எழுதி வைத்தேன். பள்ளிக்கூட வேலையில் அது அப்படியே மேசையில் கிடக்கிறது. விழாவுக்கும் உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஆசை, ஆனால் எங்களுக்கு இரண்டு அழைப்புத்தான். ஒன்று இயக்குநர் நிக்கொலஸ் அண்ணாவுக்கு, மற்றது எனக்கு.

பெப்ரவரி இரண்டாம் திகதி ஞாயிறு பின்னேரம் ரீவியில் காட்டுவார்கள். போட்டியில் இருக்கிற குறும்படங்களை முதலில் போட்டுவிட்டுத்தான் விழாவாம். படம் என்றால் படத்துக்குரிய சில மாற்றங்கள் வரும், நஃபீ. பார்க்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்.

என் பட்டியல்: நடிகர் உன் பெடியன் இல்லை, அந்தக் கிழவனாக நடித்தவர். நடிகை உன்னுடையவளேதான். பாட்டு, கல்யாணப் பாட்டு. குறும்படம், மலையகத்தில் எடுத்தது. திரைக்கதைக்கு ஒருவரையும் போடவில்லை. அதைக் காலியாக விடுகிறேன்.

றிஃப்னாவுக்கு என் முத்தம்.

கஜா

பாலாவி
03.02.2014

அன்புள்ள கஜா,

வாழ்த்துக்கள். சிறந்த குறும்படம், சிறந்த திரைக்கதை இரண்டும் உனக்கு. ஐந்தில் எனக்கு மூன்று சரி. பாட்டு எதற்குக் கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை, நீயே பார்த்துப் புள்ளி போடு.

எங்கள் ரீவி பழுது. பக்கத்து வீட்டு யூஜீனியா அக்கா வீட்டில்தான் பார்த்தோம். மட்டக்களப்புப் பெடியனுக்குக் கோட்டு பெரிது, விருதை வாங்கக் கை வெளியே வரவில்லை. மீன்காரிக்குக் கிடைக்கவில்லை. முழுப்படமும் தலைமயிரைக் கோதிக்கொண்டு நின்றவளுக்குக் கொடுத்தார்கள். வேறு வருசமென்றால் ரீவியோடு சண்டை பிடித்திருப்பேன். நேற்று, சரி, கொடுக்கட்டும் என்று இருந்தேன். றிஃப்னா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து "உம்மா, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

உன் படத்தை அதற்கு முதலே போட்டுவிட்டார்கள்.

அதில் நானாக வருகிற பிள்ளை வெறும் சுடுதண்ணிப் போத்தலோடு ஓடி வருகிறாள். சிநேகிதி கேற்றைத் திறந்து, போத்தலை நிரப்பிக் கொடுத்து, கட்டிப் பிடித்து அழுகிறாள். தம்பிக் குழந்தை பால் குடிக்கிறது. கடைசியில் அந்தக் குழந்தை வளர்ந்து புத்தளத்தில் பள்ளிக்கூடம் போகிறது. யூஜீனியா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ர அன்னம்மா தாயே, பிள்ளை தப்பிட்டுது" என்றா. றிஃப்னாவும் அழுதாள். நான் யூஜீனியா அக்காவின் இறாலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டி இறால். முழுக்க உரித்து முடித்தேன்.

நடந்ததை இன்னொரு தரம் எழுதுகிறேன், கஜா. சுருக்கமாக.

தம்பி அஸ்மினுக்கு எட்டு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல். உம்மாவிடம் பால்மா இருந்தது, கரைக்கச் சுடுதண்ணி இல்லை. எங்களைச் சந்தியில் நிறுத்தி வைத்திருந்தார்கள், வீட்டுக்குத் திரும்பிப்போக விடவில்லை. உன் வீடுதான் கிட்ட. நான் கேற்றடிக்கு வந்து, "கஜா, தம்பிக்குச் சுடுதண்ணி தாடி" என்றேன். நீ உள்ளே நின்றாய். உன் அப்பா உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே கேற்றைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டாய். நாலாம் நாள், வவுனியா போய்ச் சேர முதல், அஸ்மின் மௌத்தாகிவிட்டான். வழியில்தான் அடக்கினோம். எந்த இடம் என்று இப்போது கேட்டால் காட்டத் தெரியாது.

சுடுதண்ணி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். உன்னில் கோபமும் இருந்ததில்லை. உனக்குப் பதினாலு வயது. சந்தியில் இயக்கப் பெடியன்கள் துவக்கோடு நின்றார்கள். பயப்படாத வீடு எது? ஆனால் அந்தக் கொழுக்கியைப் பற்றி நீ ஒரு தரம் உன் வாயால் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் இருபது பக்கம் எழுதினேன். படத்துக்காக இல்லை.

நீ மேடையில் நின்று, இது என் சிநேகிதியின் கதை என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கட தம்பி பிழைத்ததற்குத்தானே தட்டினார்கள்?

பதில் எழுது.

நஃபீஸா

யாழ்ப்பாணம்
13.02.2014

நஃபீ,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஐந்து தாளைக் கிழித்துவிட்டேன்.

முதலில் எழுதியதில் கேற் பூட்டித்தான் இருந்தது. நிக்கொலஸ் அண்ணா வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளையை ஆர் மன்னிப்பினம்? கேற்றைத் திறந்து விடு" என்றார். நான் எதிர்த்து ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. படப்பிடிப்பில் அந்தச் சின்னப் பிள்ளை கேற்றைத் திறந்தபோது நான்தான் திறந்தேன் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ இவ்வளவு காலமும் அப்பாதான் கேற்றைப் பூட்டச் சொன்னார் என்று நினைத்திருக்கிறாய். அப்பா, "கேற்றடியில ஆர்?" என்று மட்டும்தான் கேட்டார். நான், "ஒருத்தரும் இல்லை" என்றேன். கொழுக்கியை நானாகத்தான் போட்டேன். அடுப்பில் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது, நஃபீ.

சித்திரை விடுமுறைக்கு நான் புத்தளத்துக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன். அந்த விருதை உன் கையில் தருகிறேன். நீ உடைத்தாலும் சரி. உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க விடு.

உன் கஜா

பாலாவி
21.02.2014

கஜலக்ஷ்மிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வாசலிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அரிசி களைந்து உலை வைத்தேன். ஸியாத் வந்தார், சாப்பிட்டார், "இண்டைக்குக் கறியில உப்பில்ல" என்றார். உப்பளத்தில் வேலை செய்கிறவர் வீட்டில் இப்படியா என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீ சொல்லவேண்டும் என்று இருபத்து மூன்று வருசம் நினைத்திருந்தேன், சொல்லிவிட்டாய். ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாய். அதற்கு நன்றி. அப்பாவைப் பற்றி நான் நினைத்தது பிழை. அவருக்காக துஆச் செய்கிறேன்.

நீ வரவேண்டாம், கஜா.

வந்தால் கதிரை போட்டு இருத்துவேன். தேத்தண்ணி ஊற்றுவேன், சோறு தின்னாமல் போகவிடமாட்டேன். நீ அழுவாய். நீ அழுதால் என் வாயில், "பரவாயில்லையடி" என்று வந்துவிடும். எனக்கு என்னைத் தெரியும். அஸ்மினுக்காக அதை நான் சொல்லக்கூடாது.

நஃபீஸா