சிவப்புக் கோட்டுக்குக் கீழே உங்கள் ஒப்பம்

“சேர், இந்தப் புத்தகம் எழுதினவர் எப்பவாவது ஒருகொடவத்தை பஸ்ஸில தொங்கினவரோ?”

நீங்கள் கேட்ட கேள்வி, மாஸ்டர். நேற்று வெள்ளவத்தைப் புத்தகக் கடையொன்றில் நினைவுக்கு வந்தது. தலைமைத்துவம் பற்றிய அதே புத்தகம், இப்போது தமிழில், பளபளக்கும் அட்டையுடன் வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள். நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் அப்போது நான் பதில் அதிபர், நீங்கள் உதவி அதிபர். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் குழு உருப்படும் என்று அந்தப் புத்தகத்தில் வாசித்தேன். மறுநாளே வரவுப் பதிவேட்டைக் கையில் எடுத்தேன். ஏழரைக்கு மணி அடித்ததும் சிவப்புக் கோடு. பிந்தியவர்கள் அதற்குக் கீழே ஒப்பமிட வேண்டும், பிந்திய நாட்கள் சேர்ந்தால் லீவில் கழியும். முன்பும் கோடு இருந்ததுதான். ஆனால் அதை இழுப்பவர் நீங்கள். சிவப்புப் பேனை தேடவே உங்களுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும்.

விஞ்ஞானம் படிப்பித்த ரஜனி ரீச்சர் வாரத்தில் மூன்று நாள் கோட்டுக்குக் கீழே வந்தார். இரண்டு மாதத்தில் இடமாற்றம் கேட்டுக் கடிதம் தந்தார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. வேறு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. “சட்டம் சட்டம்தானே, மாஸ்டர்” என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

மறுநாள், ஏழு மணிக்கே வருகிற நீங்கள் கேற்றடியில் நின்றீர்கள். கோடு விழுந்த பிறகு ரஜனி ரீச்சரோடு உள்ளே வந்து, கீழே ஒப்பமிட்டீர்கள்.

“என்ன மாஸ்டர், உங்களுக்கும் பஸ் இல்லையோ?”

“ரீச்சருக்குத் துணைக்கு நிண்டனான், சேர். கீழ தனியப் போட வெக்கமாம்.”

“சும்மா இருங்கோ மாஸ்டர், நான் எப்ப சொன்னனான்!” என்று ரீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் பிந்துகிறது என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

“ஒருகொடவத்தையில வாற பஸ் எல்லாம் நிரம்பி வருது சேர், நிப்பாட்டுறான் இல்ல. கொண்டெய்னர் லொறி சந்திய மறிச்சா அதோட சரி. நேரத்துக்கு வந்த நாளெல்லாம் நான் நடந்து வந்த நாள்.”

“இதை ஏன் முதலே சொல்லேல்ல?”

“நீங்கள் கேக்கேல்லயே, சேர்.”

நீங்கள் நேரசூசியை எடுத்து, ரீச்சரின் முதற்பாடத்தை இரண்டாம் பாடமாக்கி, காலியான முதற்பாடத்துக்கு, உங்கள் ஓய்வு பாடவேளையை விட்டு, உங்கள் பெயரை எழுதினீர்கள். ரீச்சர் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். சிவப்புப் பேனையை நான் மறுபடி உங்களிடமே தந்தேன்.

புத்தகத்தில் பிழை இல்லை, மாஸ்டர். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதும் சரிதான். ஆனால் அது யார்மேல் எப்படி விழுகிறது என்று பார்ப்பது எழுதியவரின் வேலையல்ல, என்னுடையது. நான் கேட்காமல் கடத்திய அந்த இரண்டு மாதம் இன்னும் என்னோடு இருக்கிறது.

இதை வாசிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். உங்களோடு வேலை செய்பவர் அடுத்தமுறை பிந்தி வந்தால், வீட்டுப் படி இறங்கியதிலிருந்து நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் முடிக்கும்வரை மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள்.